கோடு கிழிப்பவர்களும் கோட்டோரம் வாழ்பவர்களும்

ஸ்லோவேனியாவின் மேற்கு ஓரத்தில், இத்தாலியை ஒட்டி, மிரென் என்ற சிற்றூர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் இத்தாலிக்கும், அன்று ஸ்லோவேனியாவை உள்ளடக்கியிருந்த யூகோஸ்லாவியாவுக்கும் நடுவே புதிய எல்லை வகுக்கப்பட்டபோது, அந்தக் கோடு இவ்வூரின் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறியது. தலைமாடு ஒரு நாட்டிலும் கால்மாடு இன்னொரு நாட்டிலுமாகக் கிடந்த கல்லறைகள்கூட உண்டு. நடுவில் கம்பிவேலி. செத்தவரை அடக்கம் செய்யும்போது சொந்தபந்தங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியிருந்தது. 1975இல் இரு நாடுகளும் ஓசிமோ உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் கல்லறைத் தோட்டம் முழுவதும் ஒரே நாட்டுக்குள் வந்தது. அதற்குள் 28 ஆண்டுகள் போய்விட்டன.

மிரெனுக்குப் பக்கத்து நகரம் கொரீட்சியா. அதன் கதை இதைவிடப் பெரியது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு 1906இல் கட்டிய அழகான ரயில் நிலையம் அங்கே இருந்தது. 1947 எல்லை அந்த நிலையத்தை யூகோஸ்லாவியாவுக்குக் கொடுத்தது. நகரத்தின் கடைவீதியையும் கோட்டையையும் இத்தாலிக்குக் கொடுத்தது. நிலையத்துக்கு முன்னிருந்த சதுக்கத்தை இரண்டாக அறுத்தது. சுற்றுக் கிராமங்கள் தங்கள் சந்தையையும் மருத்துவமனையையும் ஒரே இரவில் இழந்தன. யூகோஸ்லாவியா அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் எட்வார்ட் ராவ்னிக்கரின் திட்டப்படி நோவா கொரிட்சா, அதாவது புதிய கொரீட்சியா, என்ற நகரத்தை வெறும் வயலில் எழுப்பத் தொடங்கியது. 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, பிரிந்துபோன உறவினர்களைப் பார்க்க எல்லைச்சாவடியில் கூடிய ஆயிரக்கணக்கான மக்கள் காவலைத் தள்ளிக்கொண்டு இத்தாலியப் பக்கம் போய்விட்டார்கள். கடைக்காரர்கள் ஞாயிறென்றும் பாராமல் கடை திறந்தார்கள். வந்தவர்கள் அதிகம் வாங்கிப்போனது துடைப்பம். அந்தக் காலத்து யூகோஸ்லாவியாவில் துடைப்பத்துக்குக்கூடத் தட்டுப்பாடு. அந்த நாளைத் ‘துடைப்ப ஞாயிறு’ என்றே இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட எல்லைகளைத்தான் ஐரோப்பிய அண்டை நாடுகள் எழுபது ஆண்டுகளாகச் சரிசெய்ய முயன்றுவருகின்றன. ஐரோப்பிய ஆணையம் 2017இல் தந்த கணக்கின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உள்எல்லைப் பகுதிகளில் மட்டும் 15 கோடிப் பேர் வசிக்கிறார்கள். கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ எல்லை தாண்டிப் போய் வருகிறார்கள். இந்த ஒத்துழைப்பை யார் கட்டினார்கள், எந்த நிலையில் அது பிடித்து நிற்கிறது, எங்கே உடைகிறது என்று பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கட்டியவர்கள் பெரும்பாலும் நகராட்சித் தலைவர்கள், மருத்துவர்கள், பேருந்துக் கழகத்தார், பள்ளி ஆசிரியர்கள். அதை ஒரே நாளில் நிறுத்தும் அதிகாரம் மட்டும் இன்னும் தலைநகரங்களிடமே இருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். கோடு எங்கே என்பதில் தகராறு இருக்கும்வரை ஒத்துழைப்பு துளிர்ப்பதில்லை. ஜெர்மனிக்கும் போலந்துக்கும் நடுவில் ஓடும் ஓடர் நதியை எடுத்துக்கொள்வோம். 1945வரை பிராங்க்ஃபுர்ட் என்ற ஒரே ஊரின் கிழக்குப் புறநகராக இருந்த பகுதி, போருக்குப் பின் ஸ்வுபீட்சே என்ற போலந்து நகரமானது. அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள், போலந்துக்காரர்கள் குடியேறினார்கள். எல்லை மீண்டும் மாறிவிடுமோ என்ற அச்சம் குடியேறிகளை நாற்பது ஆண்டுகள் விடவில்லை. ஒன்றுபட்ட ஜெர்மனி 1990 நவம்பரில் ‘இதுவே எல்லை’ என்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அடுத்த ஆண்டே ஆற்றின் மேற்குக் கரையில் வியாட்ரினா பல்கலைக்கழகம் புதிதாகப் பிறந்தது. போலந்து மாணவர்கள் பாலத்தைக் கடந்து வந்து அங்கே படித்தார்கள். பிறகு இரு நகரங்களுக்கும் பொதுவாக ஒரு பேருந்துத் தடமும் வந்தது. உரிமை கோரிக்கை முடிந்த இடத்தில் பேருந்து ஓடத் தொடங்கியது என்பதே இதன் சாரம்.

எல்லையை மக்களிடமே கேட்டு முடிவு செய்த இடங்களும் உண்டு. டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான ஷ்லெஸ்விக்கில் 1920இல் இரண்டு கட்டமாக வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியில் நான்கில் மூன்று பங்கினர் டென்மார்க் என்றார்கள். ஃபிளென்ஸ்புர்க்கை உள்ளடக்கிய அடுத்த பகுதியில் ஐந்தில் நான்கு பங்கினர் ஜெர்மனி என்றார்கள். கோடு அதன்படியே போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படை டென்மார்க்கைப் பிடித்தபோதும் அந்தக் கோடு நகரவில்லை. ஆனாலும் எந்த வாக்கெடுப்பும் எல்லாரையும் ‘சரியான’ பக்கத்தில் நிறுத்திவிடாது. வடக்கே ஜெர்மானியரும் தெற்கே டேனியரும் சிறுபான்மையாக நின்றார்கள். 1955இல் பான் நகரிலும் கோபன்ஹேகனிலும் இரு அரசுகளும் தனித்தனியே வெளியிட்ட பிரகடனங்கள்தான் அங்கே உண்மையான அமைதியைக் கொண்டுவந்தன. ஒருவர் தன்னை டேனியர் என்றோ ஜெர்மானியர் என்றோ சொல்லிக்கொண்டால், அதிகாரிகள் அதை ஏற்க வேண்டும். சான்று கேட்கவோ சோதிக்கவோ கூடாது. டேனியச் சிறுபான்மையின் கட்சிக்கு ஜெர்மனியின் ஐந்து சதவீத வாக்கு வரம்பிலிருந்து விலக்கு கிடைத்தது. 2021இல் அந்தக் கட்சி ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. எல்லைப் பிரச்சினையில் இவ்வளவு நாகரிகமான தீர்வு வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை. கோட்டைத் தொடாமலே அவர்கள் அதன் கூர்மையை மழுக்கிவிட்டார்கள்.

சார் பகுதியின் வரலாறும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். நிலக்கரியும் எஃகும் நிறைந்த அந்தச் சிறு நிலத்துக்காக பிரான்சும் ஜெர்மனியும் நெடுங்காலம் இழுபறி நடத்தின. அதற்கு ‘ஐரோப்பிய’த் தகுதி கொடுக்கும் திட்டத்தை 1955 அக்டோபரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் நிராகரித்தார்கள். பிரான்ஸ் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. 1957 ஜனவரி 1 அன்று சார், மேற்கு ஜெர்மனியுடன் சேர்ந்தது. அடுத்த ஆறே ஆண்டுகளில் இரு நாடுகளும் எலிசே நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டதற்கு, அந்த ஏற்பும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்ற ஏற்பாட்டுக்கு உருவம் கொடுத்தவர்கள் நெதர்லாந்து-ஜெர்மனி எல்லைக்காரர்கள். என்ஸ்கெடேவும் குரோனாவும் துணி ஆலைகளை நம்பி வாழ்ந்த வட்டாரத்து ஊர்கள். சுற்றியுள்ள உள்ளாட்சிகள் சேர்ந்து 1958இல் ‘யூரேகியோ’ என்ற அமைப்பைத் தொடங்கின. அன்று அதற்கு எந்தச் சட்டமும் துணையில்லை. வெளிநாட்டு உறவு என்பது தலைநகரத்தின் உரிமை. ஒரு நகராட்சி, ஆற்றுக்கு அப்பாலிருக்கும் நகராட்சியோடு சாக்கடைக்கு ஒப்பந்தம் போட்டாலும் அது வெளியுறவு விவகாரமாகிவிடும். ஐரோப்பிய அவை 1980இல் மத்ரீதில் கொண்டுவந்த உடன்படிக்கைதான் உள்ளாட்சிகளுக்கு இந்த உரிமையை வழங்க ஒரு வழியைக் காட்டியது. 1990இல் ‘இன்டர்ரெக்’ என்ற நிதித் திட்டம் வந்தது. 2006இல் வந்த ஒன்றியச் சட்டம், எல்லைக்கு இருபுறமும் உள்ள உள்ளாட்சிகள் சேர்ந்து தனிச் சட்ட ஆளுமை கொண்ட ஒரு பொது அமைப்பை நிறுவ அனுமதித்தது. அதாவது ஆள் எடுக்கலாம், சொத்து வாங்கலாம், டெண்டர் விடலாம்.

அந்தச் சட்டம் இல்லாவிட்டால் செர்தான்யா மருத்துவமனை இருந்திருக்காது. பிரெனே மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் சமவெளி செர்தான்யா. 1659ஆம் ஆண்டின் பிரெனே உடன்படிக்கை அதைப் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் பங்கிட்டது. முப்பத்து மூன்று கிராமங்கள் பிரான்சுக்குப் போயின. லீவியா மட்டும் கிராமமல்ல, நகரம் என்று வாதிடப்பட்டதால் ஸ்பெயினிடமே தங்கியது. இன்றும் அது பிரெஞ்சு நிலம் சூழ்ந்த ஸ்பானியத் தீவு. பிரெஞ்சுப் பக்கத்தில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால், வளைந்து நெளியும் மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் கீழே இறங்கிப் பெர்பினியானுக்குப் போக வேண்டும். பனிக்காலத்தில் அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லைக்கு அப்பால், நடந்துபோகும் தொலைவில், புச்செர்தா என்ற ஸ்பானிய ஊர் இருக்கிறது.

2014 செப்டம்பரில் அந்த ஊரில் இரு நாட்டுக்கும் பொதுவான மருத்துவமனை திறந்தது. 64 படுக்கைகள். கட்டுமானச் செலவின் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றிய நிதி. நிர்வாகப் பொறுப்பில் காத்தலோனிய அரசு 60 பங்கு, பிரான்ஸ் 40 பங்கு. கட்டடம் எழுப்புவது எளிதாக முடிந்தது. கடினமானவை அதன்பின் வந்தன. பிரெஞ்சு மருத்துவரின் பட்டத்தை ஸ்பெயினில் அங்கீகரிக்க வேண்டும். இரு நாட்டுக் காப்பீட்டு முறைகள் ஒன்றோடொன்று கணக்குத் தீர்க்க வேண்டும். பிரெஞ்சுத் தாய்க்கு அங்கே குழந்தை பிறந்தால், அது வெளிநாட்டில் பிறந்த குழந்தையாகப் பதிவாகும். பிரெஞ்சு நோயாளி அங்கே இறந்துபோனால், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சொந்த ஊருக்கு உடலைக் கொண்டுபோக, கடல் கடந்து அனுப்புவதற்குரிய அத்தனை விதிமுறைகளும் குறுக்கே நின்றன. அதைத் தளர்த்த இரு அரசுகளும் 2017இல் தனி ஒப்பந்தம் செய்துகொண்டன. இருநாட்டு உறவு என்றதும் நமக்குத் தலைவர்கள் கைகுலுக்கும் படம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு பிணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியை எழுதிவைத்த அந்த ஒப்பந்தத்தை அதைவிட உயர்ந்ததாக மதிக்கிறேன்.

அயர்லாந்துத் தீவில் ஒத்துழைப்பு உயிர் காத்தது வேறொரு பொருளிலும். சுமார் 500 கிலோமீட்டர் நீள எல்லை. முப்பது ஆண்டு உள்நாட்டு வன்முறையில் ராணுவக் காவற்கோபுரங்கள் நின்ற எல்லை. 1998ஆம் ஆண்டின் பெருவெள்ளி உடன்பாடு வடக்கு-தெற்கு அமைச்சர் மன்றத்தை அமைத்தது. அதன் பலனை மருத்துவமனைகளில் பார்க்கலாம். வட அயர்லாந்தின் டெரி நகரிலுள்ள ஆல்ட்நகெல்வின் மருத்துவமனையில் 2016இல் திறந்த கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்துக்கு, எல்லைக்கு அப்பாலுள்ள டொனகால் மாவட்டப் புற்றுநோயாளிகளும் வருகிறார்கள். இதய அறுவைச் சிகிச்சை வேண்டிய வட அயர்லாந்துக் குழந்தைகள் டப்ளினுக்குப் போகிறார்கள். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியபோது இந்த எல்லையில் சாவடி மீண்டும் வரக் கூடாது என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் பேச்சு இழுத்தது. சுங்கச் சோதனையை ஐரிஷ் கடலுக்குத் தள்ளி, 2023இல் வின்சர் உடன்பாட்டில் கொண்டுவந்து முடித்தார்கள். அதனால் வேறு மனக்குறைகள் எழுந்தன. ஆனாலும் டொனகால் நோயாளியின் பாதையில் சாவடி எழவில்லை.

ஒத்துழைப்பு என்றாலே இருபக்கமும் சமமாகப் பலன் பெறும் என்று நம்பிவிடக் கூடாது. லக்சம்பர்க்கில் சம்பளத்துக்கு வேலை செய்வோரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில் வசித்து நாள்தோறும் வந்துபோகிறவர்கள். எண்ணிக்கையில் 2 லட்சத்துக்கும் மேல். பிரான்சில் படித்துப் பயிற்சி பெற்ற செவிலியர் அதிகச் சம்பளத்துக்கு லக்சம்பர்க் போகிறார். வருமான வரி அங்கே போகிறது. அவருடைய பிள்ளைக்குப் பள்ளி, வீட்டுக்குக் குடிநீர், தெருவுக்கு விளக்கு எல்லாம் பிரெஞ்சு நகராட்சியின் தலையில். லொரேன் வட்டார மேயர்கள் வரியில் பங்கு கேட்டுப் போராடுகிறார்கள். லக்சம்பர்க் கூட்டுத் திட்டங்களுக்குப் பணம் தருவதோடு நிற்கிறது. ஜெனீவா இதற்கு நேர்மாறு. 1973இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அண்டை பிரெஞ்சு மாவட்டங்களிலிருந்து வரும் ஊழியர்களின் மொத்தச் சம்பளத்தில் 3.5 சதவீதத்தை அந்த மாவட்டங்களுக்குத் திருப்பித் தருகிறது. ஸ்விட்சர்லாந்து ஒன்றியத்தில் உறுப்பினர்கூட இல்லை. லக்சம்பர்க்கோ ஒன்றியத்தைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. நியாயம் ஜெனீவாவின் பக்கம் இருக்கிறது.

இனி, கோடே இடம் மாறும் சங்கதிக்கு வருவோம். போரில்லாமல் எல்லை மாறுவது அரிது, ஆனால் நடக்கிறது. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே மியூஸ் நதியின் போக்கில் 1843இல் எல்லை குறிக்கப்பட்டது. கப்பல் போக்குவரத்துக்காக 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றை நேராக்கினார்கள். ஆறு நகர்ந்தது, கோடு பழைய இடத்திலேயே நின்றது. பெல்ஜியத்தின் சில துண்டு நிலங்கள் ஆற்றுக்கு அப்பால், நெதர்லாந்தை ஒட்டி மாட்டிக்கொண்டன. பெல்ஜியத்திலிருந்து அங்கே போகப் படகு வேண்டும். போலீஸ் எளிதில் வராத இடம் என்பதால் போதைப்பொருள் கும்பல்கள் நடமாடின. 2012இல் அங்கே தலையில்லாத உடல் ஒன்று கிடந்தது. பக்கத்திலிருந்த டச்சுப் போலீசுக்கு அது வெளிநாடு. பெல்ஜியப் போலீசும் தடயவியல் ஆட்களும் கருவிகளோடு படகேறி வந்தார்கள். அதன்பிறகே பேச்சு வேகம் பிடித்தது. 2016 நவம்பரில் ஒப்பந்தம். 2018 ஜனவரி 1 முதல் அமல். பெல்ஜியம் சுமார் 16 ஹெக்டேர் கொடுத்தது, சுமார் 3 ஹெக்டேர் வாங்கிக்கொண்டது. தாய்மண்ணை விற்றுவிட்டார்கள் என்று பெரிய கூச்சல் எழவில்லை. அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பது ஒரு காரணம். அண்டை நாடு நாளை நம்மேல் பாயும் என்ற பயம் இல்லாதது பெரிய காரணம்.

ஆல்ப்ஸ் மலையில் எல்லையை நகர்த்துவது பருவநிலை. இத்தாலிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் இடையே பல இடங்களில் பனிப்பாறையின் முகடே எல்லை. நீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அந்தப் பக்கம் அந்த நாடு. பனி உருகினால் முகடு இடம் பெயரும். எல்லையும் அதோடு நகரும் என்று இரு நாடுகளும் 2009இல் ஏற்றுக்கொண்டன. மேட்டர்ஹார்ன் சிகரத்துக்கு அருகே தியோடுல் பனிப்பாறை சுருங்கியதில், சுமார் 3,480 மீட்டர் உயரத்தில் இருக்கும் இத்தாலிய மலை விடுதி ஒன்றின் அடியில் கோடு புகுந்தது. அது எந்த நாட்டு விடுதி என்று ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். ஒருவழியாக 2023இல் உடன்பாடு ஏற்பட்டது. ஸ்விட்சர்லாந்து 2024இல் ஒப்புதல் தந்தது. நார்வேயில் நடந்தது வேறு. பின்லாந்தின் நூறாவது சுதந்திர ஆண்டுக்குப் பரிசாக ஹால்தி மலையின் ஒரு முனையைக் கொடுக்கலாம் என்று மக்களிடையே இயக்கம் எழுந்தது. எல்லையைச் சில பத்து மீட்டர் நகர்த்தினால் போதும். நாட்டின் நிலப்பரப்பைப் பிரிக்க அரசியல் சாசனம் இடம் தராது என்று பிரதமர் எர்னா சோல்பெர்க் 2016இல் மறுத்துவிட்டார்.

இதே ஐரோப்பாவில்தான் 2014இலும் 2022இலும் ரஷ்யா படைபலத்தால் உக்ரைனின் எல்லையை மாற்ற இறங்கியது. சம்மதத்தோடு மட்டுமே எல்லை மாறலாம் என்று 1975இல் ஹெல்சிங்கியில் எழுதிக் கையெழுத்திட்டவர்களில் சோவியத் ஒன்றியமும் ஒன்று. போர் தொடங்கியதும் ரஷ்யாவுடனான எல்லை ஒத்துழைப்புத் திட்டங்களை ஒன்றியம் நிறுத்தியது. பின்லாந்து தன் 1,340 கிலோமீட்டர் ரஷ்ய எல்லையின் சாவடிகள் அனைத்தையும் 2023 டிசம்பரில் மூடியது. கரேலியாவில் இருபுறத்து ஊர்களும் இருபது ஆண்டுகளாக வளர்த்த உறவு அப்படியே நின்றுபோயிற்று. அண்டை அரசை நம்ப முடியாத இடத்தில் நகராட்சிகளின் நல்லெண்ணம் எதையும் தாங்கிப்பிடிக்காது.

நம்பிக்கை இருக்கும் நாடுகளுக்குள்ளேயே என்ன நடக்கிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1985 ஜூன் 14 அன்று, பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றும் சந்திக்கும் மோசல் நதியில், ஷெங்கன் என்ற சிற்றூரின் கரையோரம் ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. பத்து ஆண்டு கழித்துச் சாவடிகள் எடுக்கப்பட்டன. விசாவின் பெயராக நாம் அறிந்த அந்த ஊர்ப்பெயருக்கு எல்லையோர மக்களிடையே பொருள் வேறு: காலையில் வேலைக்கும் மாலையில் வீட்டுக்கும் யாரிடமும் கேட்காமல் போவது. கொரீட்சியா சதுக்கத்தின் வேலி 2004இல் அகற்றப்பட்டது. 2007 டிசம்பரில் சோதனைகளும் ஒழிந்தன. 2011இல் இரு நகரங்களும் பொது அமைப்பு ஒன்றை நிறுவின. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. அதே சதுக்கத்தில் மீண்டும் வேலி எழுந்தது. பிரான்சின் ஸ்ட்ராஸ்புர்க்கையும் ஜெர்மனியின் கேலையும் இணைத்து 2017இல் ஓடத் தொடங்கிய டிராம் எல்லையில் நின்றது. பிரெஞ்சு நோயாளிகளுக்கு ஜெர்மன் மருத்துவமனைகள் படுக்கை கொடுத்ததும் அதே மாதங்களில்தான்.

தொற்று போனதும் வேறு காரணங்கள் வந்தன. இத்தாலி 2023 அக்டோபரில் ஸ்லோவேனிய எல்லையில் சோதனையைக் கொண்டுவந்தது. கொரீட்சியாவும் நோவா கொரிட்சாவும் சேர்ந்து 2025க்கான ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரப் பட்டத்தைச் சூடியபோதும் அந்தச் சோதனை விலகவில்லை. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்தது. போலந்து 2025 ஜூலையில் பதிலுக்கு வைத்தது. பிராங்க்ஃபுர்ட்-ஸ்வுபீட்சே பாலத்தில் வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆட்கடத்தலையும் பயங்கரவாதத்தையும் தடுக்க அரசுகளுக்குக் கடமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஓர் எல்லை வேண்டும். ஸ்லோவேனியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த ஒருவர் கடவுச்சீட்டைக் காட்ட மறுத்தார். 36 யூரோ அபராதம் விதித்தார்கள். அவர் வழக்காடினார். புதிய ஆபத்து எதையும் காட்டாமல் ஆறு மாதத்துக்கு மேல் சோதனையை நீட்டிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அரசுகளின் விடை என்ன? 2024இல் ஷெங்கன் விதியைத் திருத்தினார்கள். சிறப்புச் சூழலில் மூன்று ஆண்டுவரை நீட்டிக்கலாம் என்று இப்போது சட்டமே சொல்கிறது.

எல்லைப் பகுதிகளுக்குத் தடையாக நிற்கும் சட்டங்களை நீக்க, அண்டை நாட்டு விதியையே அங்கே பயன்படுத்தலாம் என்ற திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் 2018இல் முன்வைத்தது. உறுப்பு நாடுகள் அதைக் கிடப்பில் போட்டன. 2025இல் ஒரு மெலிந்த வடிவம் சட்டமானது: எல்லையோரத்தார் தங்கள் இடையூறை மனுவாகக் கொடுக்கலாம், அதற்கென ஒருங்கிணைப்பு அலுவலகம் வைப்பதும் தடையை நீக்குவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். இது போதாது. இடையூறைச் சொல்லும் உரிமையோடு, எல்லையை மூடும் முடிவிலும் எல்லையோர உள்ளாட்சிகளுக்குச் சட்டப்படி ஓர் இடம் வேண்டும். சோதனையை நீட்டிக்குமுன் அவர்களிடம் கருத்துக் கேட்பதும், ஆம்புலன்சுக்கும் அன்றாடத் தொழிலாளர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தனிப் பாதை திறந்திருப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய உடன்படிக்கை தேவையில்லை. இருக்கும் ஷெங்கன் விதியில் ஒரு திருத்தம் போதும்.